பிரித்தானியாவில் முதுமாணி: செப்டெம்பரா, ஜனவரியா?

பிரித்தானியாவில் முதுமாணி படிக்க விரும்பும் பட்டதாரிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, செப்டெம்பரில் போவதா, ஜனவரியில் போவதா என்பதைத்தான். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றே: படிப்புச் செலவுக்கான பணம் எங்கிருந்து வரப்போகிறது?

புலமைப்பரிசிலை நம்பியிருப்பவர்கள் செப்டெம்பரையே குறிவைக்க வேண்டும். செவ்னிங் விண்ணப்பம் வழமையாக ஓகஸ்டில் திறந்து, ஒக்டோபரிலோ நவம்பர் தொடக்கத்திலோ மூடப்படும். தெரிவாகுபவர்கள் அடுத்த ஆண்டு செப்டெம்பர் அல்லது ஒக்டோபரில் படிப்பைத் தொடங்க வேண்டும். ஜனவரியில் தொடங்கும் படிப்புகளுக்கு அது கிடைக்காது. எனவே ஓராண்டுக்கு முன்பே ஆயத்தமாக வேண்டும்.

சொந்தப் பணத்திலோ கடனிலோ படிப்பவர்களுக்கு ஜனவரி குறைந்த தெரிவல்ல. இரு பருவத்திலும் கிடைப்பது ஒரே பட்டம்தான். எங்கள் பல்கலைக்கழகங்களில் இறுதிப் பெறுபேறு தாமதமாகும்போது, அந்த மேலதிக மாதங்கள் பெரிதும் உதவும். ஆனால் எல்லாப் பாடநெறிகளும் ஜனவரியில் தொடங்குவதில்லை. நீங்கள் விரும்பிய பாடநெறி செப்டெம்பரில் மட்டும் இருந்தால், ஜனவரிக்காக வேறொன்றுக்கு மாறாதீர்கள். அடுத்த செப்டெம்பர் வரை பொறுத்திருப்பதே மேல்.

வேலைவாய்ப்பையும் கணக்கில் எடுங்கள். அங்குள்ள பெரிய நிறுவனங்கள் பல, புதிய பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை இலையுதிர் காலத்திலேயே கோருகின்றன. செப்டெம்பரில் போகிறவர், ஊர் பழகுவதற்குள் விண்ணப்பிக்க நேரிடும். ஜனவரியில் போகிறவருக்கு அதற்கு முன் சில மாத அவகாசம் உண்டு. ஆனால் ஆய்வேட்டு வேலையும் அதே காலத்தில் வந்து சேரலாம். படிப்புக்குப் பிந்திய பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்கு 2 ஆண்டுகளிலிருந்து 18 மாதங்களாகக் குறைகிறது. ஆகவே வேலை தேடும் மாதங்களை வீணாக்க முடியாது.

முடிவெடுக்குமுன், படிப்பு தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒருநாள் குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் தேவை. பெறுபேற்று அட்டவணை, ஆங்கிலத் தேர்ச்சி, வங்கிக் கடன் என ஒவ்வொன்றும் எப்போது கைக்கு வரும் என்று எழுதுங்கள். அவை செப்டெம்பருக்குள் அடங்காவிட்டால், முற்பணம் கட்டுமுன்பே ஜனவரிக்கு மாற்ற முடியுமா என்று பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.