பொருளாளரை வெளியே அனுப்பிய போட்டோ சங்கம்

பேங்க்கில் வேலை பார்ப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. எந்தச் சங்கத்தில் சேர்ந்தாலும் கணக்கு நோட்டை நம் கையில் திணித்துவிடுவார்கள். பிள்ளையார் சதுர்த்தி கமிட்டியில் ஆரம்பித்து, இப்போது கொல்கத்தாவில் எங்கள் பேட்டை போட்டோ கிளப் வரைக்கும் இதே கதைதான். எனக்கு அபெர்ச்சர் எது, ஷட்டர் ஸ்பீடு எது என்று புரிந்ததே போன வருஷம்தான். ஆனாலும் நான்தான் பொருளாளர்.

மாதம் இரண்டு ஞாயிறு கிளம்புவோம். விடியற்காலை மல்லிக் காட் பூச்சந்தை, மழை விட்டதும் குமார்துலியில் களிமண் துர்க்கைகள், குளிர்காலத்தில் சித்பூர் ரோடு டிராம் தண்டவாளம். பன்னிரண்டு பேர், பாதிப் பேர் கையில் மொபைல்தான். முடிந்ததும் மண் குடுவையில் டீ, அப்புறம் லேக் மார்க்கெட்டில் வெற்றிலையும் கருவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வீடு.

போன மாதம் எஸ்பிளனேடு பக்கம் நடந்தோம். டவுன் ஹால் தூண்களை ஆளுக்கொரு கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் குழுவின் பெரியவர் (ரிடையர்டு வாத்தியார், எல்லோருக்கும் மாஸ்டர்மோஷாய்) என் தோளில் கை வைத்தார். "ஏன் தாதா, இந்த ஊரின் முதல் போட்டோ சங்கத்தில் ஒரு பொருளாளரை வெளியேற்றினார்களே, தெரியுமா? இந்தக் கட்டிடத்தில் பேசிய பேச்சுக்காக."

கணக்கில் ஏதாவது கோளாறா என்றுதான் முதலில் கேட்டேன். தொழில் புத்தி! அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1839-ல் பாரிஸில் டாகுரோடைப் முறை அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷமே கல்கத்தாவில் அதற்கான கேமராவுக்கு விளம்பரம் வந்துவிட்டது. 1854-ல் பம்பாயில் முதல் போட்டோ சங்கம். 1856-ல் கல்கத்தாவிலும் நம்ம சென்னையிலும். சென்னைச் சங்கத்தைத் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர். இன்று எழும்பூர் பக்கம் இருக்கும் ஓவியக் கல்லூரிக்கு 1850-ல் விதை போட்டவரும் அவர்தான்.

அந்தக் காலத்து 'அவுட்டிங்' நம்முடையது மாதிரி இல்லை. 1851-ல் வந்த ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? எனவே போகிற இடமெல்லாம் இருட்டுக் கூடாரம், ரசாயனப் பெட்டி, தண்ணீர்க் குடம், கூலி ஆட்கள். அதனால்தான் சிலர் மெழுகு பூசிய காகித நெகட்டிவ்வைப் பிடித்துக்கொண்டார்கள். அதை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம்.

லின்னேயஸ் டிரைப் அப்படித்தான் 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நம் ஊர்களைச் சுற்றினார். அவர் சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபர். பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஷ் படித்து அச்சில் கொண்டுவருவதற்கு முப்பது வருஷத்துக்கும் முன்னால்!

சரி, பொருளாளர் கதைக்கு வருவோம்.

அவர் பெயர் ராஜேந்திரலால் மித்ரா. ஆசியவியல் கழகத்தில் 1846 முதல் நூலகராக வேலை பார்த்த அறிஞர். 1851-ல் படங்களோடு ஒரு வங்காளி மாதப் பத்திரிகை தொடங்கியவர். கல்கத்தா போட்டோ சங்கத்தில் வெள்ளைக்காரர்களோடு சரிசமமாக உட்கார்ந்த இந்தியர்களில் ஒருவர். அதோடு அதன் பொருளாளர்.

அப்போது ஒரு சட்டப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்தது. உள்நாட்டில் குற்றம் செய்யும் ஐரோப்பியர்களையும் கம்பெனியின் சாதாரண கிரிமினல் கோர்ட்டுகளே விசாரிக்கலாம் என்று மசோதா. வெள்ளைக்காரர்கள் அதற்குக் 'கறுப்புச் சட்டம்' என்று பெயர் வைத்துக் குதித்தார்கள். மசோதாவை ஆதரித்து இந்தியர்கள் டவுன் ஹாலில் கூடினார்கள். 1857 ஏப்ரல். அங்கே மித்ரா அவுரித் தோட்ட முதலாளிகளைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மார்ச் 29-ல் பக்கத்துப் பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கி தூக்கியிருந்தார். ஏப்ரல் 8-ல் தூக்கிலிட்டார்கள். அந்தச் சூட்டில் ஓர் இந்தியர் எழுந்து நின்று, தோட்டக்காரர்கள் விவசாயியை அடித்துப் பிடுங்குகிறார்கள் என்று பேசினால்?

போட்டோ சங்கத்தின் ஐரோப்பிய உறுப்பினர்கள் கொதித்தார்கள். இத்தனைக்கும் அவர் பேசியது சங்கத்தில் அல்ல, போட்டோ பற்றியும் அல்ல. ஆனாலும் அந்த வருஷமே அவரைச் சங்கத்தை விட்டு வெளியேற்றினார்கள்.

அவர் சொன்னது பொய்யா? இரண்டே வருஷத்தில், 1859-ல், வங்காளக் குடியானவர்கள் அவுரி போட மாட்டோம் என்று எழுந்தார்கள். 1860-ல் அரசாங்கமே விசாரணைக் கமிஷன் போட்டது. விவசாயியை அவுரி போட வற்புறுத்தக் கூடாது என்று ஆனது.

மித்ரா அதோடு கேமராவை மறந்துவிடவில்லை. 1868-69-ல் ஒரிசாவுக்குக் குழுவோடு போனார். கலைப்பள்ளி மாணவர்கள் புவனேஸ்வர் கோயில் சிற்பங்களுக்கு அச்சுகள் எடுத்தார்கள், படங்களும் எடுக்கப்பட்டன. ஒரிசாவின் தொன்மைகள் பற்றிய அவருடைய இரண்டு பெரிய தொகுதிகள் 1875-லும் 1880-லும் வந்தன. இந்தியர்கள் கல்லில் கட்டக் கற்றது கிரேக்கர்களிடமிருந்து என்று ஜேம்ஸ் பெர்குசன் என்ற பெரிய நிபுணர் சொல்லிவந்தார். மித்ரா மறுத்தார். பெர்குசன் 1884-ல் அவரைத் திட்டவே ஒரு புத்தகம் போட்டார். அதற்கு முந்தைய வருஷம்தான் இல்பர்ட் மசோதாச் சண்டை. அதே பழைய கேள்வி: வெள்ளைக்காரனை இந்தியன் விசாரிக்கலாமா? மறு வருஷம், 1885-ல், மித்ரா ஆசியவியல் கழகத்தின் முதல் இந்தியத் தலைவர் ஆனார்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

போன குளிர்காலத்தில் எங்கள் கிளப் கண்காட்சி நடந்தது. எங்களில் ஒரு பையன், என்னைக் 'காகு' என்று கூப்பிடுவான், ஹூக்ளிக் கரையில் மூடிக்கிடக்கும் ஒரு சணல் மில்லை எடுத்திருந்தான். பூட்டிய கேட், மேலே பெயர்ப்பலகை, கீழே கேட்டில் சாய்ந்து தூங்கும் பழைய தொழிலாளி. இருந்ததிலேயே நல்ல படம் அதுதான். ஹால் வாடகைக்கும் பிரேமுக்கும் 18,000 ரூபாய் கொடுத்த புண்ணியவான் அந்த மில் குடும்பத்துக்கு உறவு. "கிளப்பில் அரசியல் எதுக்கு" என்று கமிட்டியில் ஒருவர் ஆரம்பித்தார். என்னைப் பார்த்தார்கள். அந்தப் பணம் வராவிட்டால் கணக்கில் துண்டு விழும் என்றேன். அது உண்மைதான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் இறங்கியது. பையன் அப்புறம் வருவதில்லை.

1857-ல் மித்ரா பேசியபோது எத்தனை பேர் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்களோ!

போன வாரம் அந்தப் பையனுக்குப் போன் செய்தேன். நடந்ததற்கு நானும் பொறுப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "பார்க்கலாம் காகு" என்றான். அடுத்த கண்காட்சியில் அந்தப் படத்தை முதல் சுவரில் மாட்ட வேண்டும், ஹால் செலவை உறுப்பினர்களே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி மாஸ்டர்மோஷாயிடம் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு பேர், தலைக்கு 1,500 ரூபாய். பெரிய காசு இல்லை. இதை அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கலாம்.

தீர்மானம் நிறைவேறுமா, தெரியாது. ஒருவேளை என்னிடமிருந்து நோட்டைப் பிடுங்கிவிட்டால், இந்த ஊரில் வெளியேற்றப்பட்ட இரண்டாவது பொருளாளர் என்று பெருமை பேசிக்கொள்வேன் :-)