உங்கள் பாட்டு 20 வருடம் கழித்தும் ஒலிக்குமா?



உங்களில் பலர் லேப்டாப்பிலேயே பாட்டுச் செய்கிறீர்கள். பொங்கல் விழா நடனத்துக்கு இசை, நண்பனின் ராப், அம்மம்மாவின் தாலாட்டுக்குப் பின்னணி என்று ஏதோ ஒன்று. அதில் பாதிக்கு மேல் மெய்நிகர் கருவிகள்தான் இருக்கும். பியானோ, ட்ரம்ஸ், மிருதங்கம் எல்லாமே மென்பொருள். அவை ஒவ்வொன்றையும் தனித்தனி ஆடியோ கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள் என்று சொன்னால், "எதற்கு அண்ணா? ப்ராஜெக்ட் ஃபைல் இருக்கிறதே!" என்பீர்கள். எதற்கு என்பதை ஒலிப்பதிவின் வரலாறு அழகாகச் சொல்கிறது.

முதலில் டேப் காலம். ஒரே நாடாவில் பல ஒலிகளைப் பக்கம் பக்கமாக, தனித்தனியாகப் பதியும் கனவை நனவாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால். ஆம்பெக்ஸ் நிறுவனம் 1957இல் அவருக்கு 8 ட்ராக் பதிவுக்கருவியைச் செய்து கொடுத்தது. ஆனால் 10 வருடம் கழித்தும் லண்டனில் பீட்டில்ஸ் குழு 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தை 4 ட்ராக் கருவிகளில்தான் பதிந்தது. நாலும் நிரம்பினால் என்ன செய்வது? அவற்றைக் கலந்து, இன்னொரு நாடாவில் ஒன்றிரண்டு ட்ராக்குக்குள் அடக்குவார்கள். புதிதாகப் பதிய இடம் கிடைக்கும். ஆனால் ட்ரம்ஸும் பேஸும் ஒருமுறை கலந்துவிட்டால், அந்த நாடாவில் ட்ரம்ஸை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. சாம்பாரிலிருந்து புளியைப் பிரித்து எடுக்கிற மாதிரிதான்.

இருந்தும் அந்த ஆல்பம் ஓர் அதிர்ஷ்டம் செய்திருந்தது. கலப்பதற்கு முந்தைய நாடாக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் 2017இல் அந்த முதல் நாடாக்களுக்கே திரும்பிப் போய், ஆல்பத்தைப் புதிதாக மிக்ஸ் செய்தார்.

அதே குழுவின் இன்னொரு பாட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 'நவ் அண்ட் தென்' பாட்டை ஜான் லெனன் 1970களின் கடைசியில் வீட்டில் இருந்தபடி கேசட்டில் பதிந்தார். பியானோவும் குரலும் ஒன்றாகவே பதிவாகின. மற்ற மூவரும் 1995இல் அதை முடிக்கப் பார்த்தார்கள். குரலைப் பியானோ மூடிக்கொண்டு நின்றதால் கைவிட்டார்கள். பிறகு இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய கணினி நுட்பம் வந்துதான் குரலைப் பிரித்தது. பாட்டு 2023 நவம்பரில் வெளியானது. அதற்குள் ஜார்ஜ் ஹாரிசன் இறந்து ஏறத்தாழ 22 வருடம் ஆகியிருந்தது.

"நான் எதையும் கலக்கவில்லையே, எல்லாம் தனித்தனி ட்ராக்கில்தான் இருக்கிறது" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. இங்கேதான் இரண்டாவது கதை தொடங்குகிறது.

அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி போன்றவர்களின் முயற்சியில் மிடி பிறந்தது. 1983 ஜனவரியில், கலிஃபோர்னியாவில் நடந்த நாம் கண்காட்சியில், போட்டி நிறுவனங்களின் இரண்டு சிந்தசைசர்களை ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் ஒலித்தது. ஆனால் அந்தக் கேபிளில் போனது ஒலி இல்லை, கட்டளை. "60ஆம் ஸ்வரத்தை இவ்வளவு வேகத்தில் அழுத்து" என்பதற்கு 3 பைட் போதும். மிடி சமையல் குறிப்பு மாதிரி. அதைச் சாப்பிட முடியாது. சமைக்க ஒரு கருவி வேண்டும்.

கருவி மாறினால் சுவையும் மாறும். அதைச் சரிசெய்ய 1991இல் ஜெனரல் மிடி என்ற பொதுப்பட்டியல் வந்தது. 128 ஒலிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அதில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, ஸ்காட்லாந்தின் பேக்பைப் கூட உண்டு. வீணை இல்லை, நாதஸ்வரம் இல்லை, மிருதங்கமும் இல்லை. நீங்கள் மிருதங்க ப்ளக்-இன்னில் செய்த தனியாவர்த்தனத்தை வெறும் மிடியாக அனுப்பினால், அந்த ப்ளக்-இன் இல்லாத கணினியில் அது வேறு ஏதோ ஒன்றாகத்தான் கேட்கும். நம் கருவிகளை நேசிக்கிறவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய இழப்பு.

ஸ்டைன்பர்க் நிறுவனம் 1996இல் விஎஸ்டி என்ற ப்ளக்-இன் முறையைக் கொண்டு வந்தது. 1999இல் அதற்குள் இசைக்கருவிகளும் நுழைந்தன. ஒரு ஸ்டூடியோவே லேப்டாப்புக்குள் வந்தது. கூடவே ஒரு புதிய பலவீனமும் வந்தது. நான் பார்க்கும் ஐ.டி. வேலையில் இதற்கு டிபென்டென்சி என்று பெயர். உங்கள் நிரல் சரியாகவே இருக்கும், அது சார்ந்திருக்கும் இன்னொரு நிரல் மறைந்துபோகும். 2019 அக்டோபரில் ஆப்பிளின் கேட்டலினா பதிப்பு 32-பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்தியது. அந்த வகைப் பழைய ப்ளக்-இன்கள் அதில் திறக்கவே இல்லை. ஸ்வரங்கள் திரையில் பத்திரமாக இருக்கும், ஒலி மட்டும் வராது.

டேப் காலத்தில் ஒலி இருந்தது, பிரிக்க முடியவில்லை. நம் காலத்தில் எல்லாம் பிரிந்தே இருக்கிறது, ஒலிதான் இல்லை. தனித்தனி ஆடியோ கோப்புகள் இந்த இரண்டு இழப்புக்கும் மருந்து.

செய்வது எளிது. லாஜிக்கில் எல்லா ட்ராக்கையும் ஆடியோவாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி ஃபைல் மெனுவில் இருக்கிறது. ஏபிள்டன் லைவில் எக்ஸ்போர்ட் பெட்டியிலேயே 'ஆல் இண்டிவிஜுவல் ட்ராக்ஸ்' என்று தேர்ந்தெடுக்கலாம். எஃப்எல் ஸ்டூடியோவில் 'ஸ்ப்ளிட் மிக்சர் ட்ராக்ஸ்'. எல்லாக் கோப்பும் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும். அப்போதுதான் எந்த மென்பொருளில் போட்டாலும் வரிசையாகப் பொருந்தும். கடைசி எதிரொலி அடங்கும்வரை சில வினாடி கூடுதலாக விடுங்கள். கோப்பின் பெயரில் கருவியின் பெயரையும் டெம்போவையும் எழுதுங்கள். மிடியையும் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்வரத்தைத் திருத்த அது வேண்டும்.

இடம்? 24-பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 17 மெகாபைட். 4 நிமிடப் பாட்டுக்கு 20 ட்ராக் என்றால் ஏறத்தாழ 1.4 ஜிகாபைட். ஒரு சின்ன யுஎஸ்பி குச்சியில் பல பாட்டுகள் அடங்கும்.

அம்மம்மாவின் தாலாட்டை உங்கள் பிள்ளைகள் ஒருநாள் மறுபடி மிக்ஸ் செய்ய ஆசைப்படலாம். அன்றைக்கு இந்த ப்ளக்-இன் எதுவும் இருக்காது. வேவ் கோப்பு இருந்தால் போதும். இந்த வாரக் கடைசியில் ஒரே ஒரு பாட்டுக்குச் செய்து பாருங்கள்.