நீரிழிவும் நோயெதிர்ப்பு அணுக்களும்

இரத்தத்தில் குளுக்கோஸின் அளவு இயல்பை மீறி நீடித்து நிற்கும் நீரிழிவு வியாதியில், வைரஸ் தொற்று நேர்ந்தபின் சரீரத்தைக் காக்க எழும் வெள்ளணுக்களின் செயல் ஒருபுறம் தளர்ந்தும் மறுபுறம் வரம்பு கடந்தும் போவதுண்டு. முதலில் விரைய வேண்டிய நியூட்ரோஃபில்கள் தொற்றிய இடத்தை நாடுவதிலும் கிருமிகளை விழுங்கி அழிப்பதிலும் பின்தங்க, வைரஸின் பெருக்கத்தை ஆரம்பத்திலேயே தடுக்கும் இன்டர்ஃபெரானும் தாமதித்துச் சுரக்கக்கூடும். மோனோசைட்டுகளும் மாக்ரோஃபேஜ்களுமோ, மிகுந்த குளுக்கோஸையே எரிபொருளாகக் கொண்டு, இன்டர்லியூக்கின்-6 முதலிய அழற்சிப் புரதங்களை மிகையாகச் சுரந்து, நுரையீரல் திசுக்களுக்கே ஹானி விளைவிக்க ஏதுவாகின்றன.

இச்சம்பந்தம் இருவழிப்பட்டது. தொற்றின்போது சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் தசைகளில் இன்சுலினின் வலுவைக் குறைப்பதும், அதனை ஈடுசெய்ய மிகும் இன்சுலின் சிடி8 டி என்னும் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு ஊக்கமளிப்பதும், ஏற்கெனவே பருத்து நீரிழிவை நெருங்கிய எலிகளில் இவ்வேற்பாடே சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் குலைப்பதும் 2018இல் வெளியான ஆராய்ச்சியால் புலப்பட்டன.

நீரிழிவுக்கும் தொற்றுக்கும் உள்ள இத்தொடர்பின் விபரீத பலன் இந்தியாவில் 2021ஆம் ஆண்டு கோவிட்-19 இரண்டாம் அலையின்போது வெளிப்பட்டது. கட்டுப்படாத நீரிழிவுடையோர்க்கு அளிக்கப்பட்ட ஸ்டீராய்டு மருந்துகள் அழற்சியைத் தணித்தபோதிலும், இரத்தச் சர்க்கரையை மேலும் உயர்த்தி, அணுக்களின் காவலையும் தளர்த்தியமையால், மியூகோர்மைகோசிஸ் என்னும் கரும்பூஞ்சை நோய் சைனஸ், கண், மூளை ஆகியவற்றைப் பற்றிப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில் அதனை அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

சர்க்கரையைச் சீராக்கினால் நியூட்ரோஃபில்களின் திறன் ஓரளவு மீள்கிறது; நீரிழிவாளரிடத்தும் தடுப்பூசி பயன் தருவதால், இன்ஃப்ளுயன்ஸா தடுப்பூசி அவர்களுக்கு ஆண்டுதோறும் பரிந்துரைக்கப்படுகிறது.