விண்வெளி வானிலை முன்னறிவிப்பு

விண்வெளி வானிலை முன்னறிவிப்பு என்பது சூரியனில் நிகழும் மாற்றங்களால் புவியைச் சூழ்ந்துள்ள விண்வெளியில் ஏற்படக்கூடிய விளைவுகளை முன்கூட்டியே கணித்துக் கூறும் துறை ஆகும். ஒரு சூரியப் புயல் புவியை வந்தடையும் என்பதை ஒன்று முதல் மூன்று நாட்களுக்கு முன்பே ஓரளவு கூற முடிகின்றது. ஆனால் அது எவ்வளவு கடுமையானது என்பதை, பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்கு முன்னர்தான் உறுதியாகக் கூற முடிகின்றது. இந்தக் கால இடைவெளியைக் குறைப்பதே இத்துறையின் இன்றைய ஆய்வுகளின் முக்கிய நோக்கமாகும்.

சூரியக் காற்று

சூரியனின் வெளிவளிமண்டலமான ஒளிவட்டத்தில் இருந்து இடைவிடாது வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம் சூரியக் காற்று எனப்படும். 1958 ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் இதன் கோட்பாட்டை வெளியிட்டார். 1962 இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரைனர் 2 விண்கலம் இதை உறுதி செய்தது. இக்காற்றின் வேகம் பொதுவாக வினாடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வரை இருக்கும். சில வேளைகளில் ஒளிவட்டத்தின் ஒரு பகுதி காந்தப்புலத்துடன் சேர்ந்து வெடித்து வெளியேறுகின்றது. பெரும் புவிக்காந்தப் புயல்களுக்கு இவ்வெளியேற்றங்களே காரணம்.

பாதிப்புகள்

* 1859 செப்டம்பர் 1 அன்று ரிச்சர்ட் காரிங்டன் சூரியனில் ஒரு பேரொளி வீச்சைக் கண்டார். ஏறத்தாழ 17 மணி நேரத்திற்குப் பின் உருவான புயல் தந்திச் சேவைகளைக் குலைத்தது.
* 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாண மின்தொகுப்பு ஏறத்தாழ 90 வினாடிகளில் செயலிழந்தது. 60 இலட்சம் மக்கள் சுமார் 9 மணி நேரம் மின்சாரம் இன்றி இருந்தனர்.
* 2022 பெப்ரவரியில் ஏற்பட்ட ஒரு சிறிய புயலே வளிமண்டலத்தின் மேல் அடுக்கைச் சூடாக்கி விரிவடையச் செய்தது. இதனால் காற்றின் தடை கூடி, புதிதாக ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களுள் பெரும்பாலானவை அழிந்தன.

கணிக்கும் முறை

சூரியப் பரப்பின் காந்தப்புல வரைபடமே கணிப்பின் தொடக்கம் ஆகும். விண்வெளியை நோக்கித் திறந்துள்ள காந்தப்புலக் கோடுகள் அதிகமாக விரியும் இடங்களில் காற்று மெதுவாகவும், குறைவாக விரியும் இடங்களில் வேகமாகவும் வீசுகின்றது. இத்தொடர்பை வாங், சீலி ஆகியோர் 1990 இல் எடுத்துக்காட்டினர். இதிலிருந்து வளர்ந்த கணிமாதிரி, சுமேரியரின் காற்றுக் கடவுளின் பெயரைக் கொண்ட 'என்லில்' மாதிரியுடன் இணைக்கப்பட்டு, 2011 முதல் அமெரிக்க முன்னறிவிப்பு மையத்தில் பயன்படுத்தப்பட்டு வருகின்றது. புயல் வந்துசேரும் நேரத்தைக் கணிப்பதில் ஏற்படும் பிழை சராசரியாக ஏறத்தாழ 10 மணி நேரம் ஆகும்.

முதன்மைச் சிக்கல்

புயலின் கடுமை அதன் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. அது கொண்டுவரும் காந்தப்புலத்தின் திசையையும் பொறுத்தது. புவியின் காந்தப்புலம் நடுக்கோட்டுப் பகுதியில் வடக்கு நோக்கி உள்ளது. வரும் புலம் தெற்கு நோக்கி இருப்பின் இரண்டும் இணைந்து, ஆற்றல் உள்ளே புக வழி திறக்கின்றது. வடக்கு நோக்கி இருப்பின் பாதிப்பு குறைவு. தொலைவில் இருந்து இத்திசையை நம்பத்தக்க வகையில் அளக்க இயலவில்லை. புவியில் இருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியன் பக்கம் உள்ள முதலாம் இலக்ராஞ்சிப் புள்ளியில் நிற்கும் விண்கலங்களைப் புயல் கடக்கும்போதுதான் அது தெரிய வருகின்றது. அங்கிருந்து புவியை அடைய 15 முதல் 60 நிமிடங்களே ஆகும்.

மேம்பாட்டு ஆய்வுகள்

2018 இல் ஏவப்பட்ட பார்க்கர் விண்கலம், 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பில் இருந்து 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவு வரை சென்று, சூரியக் காற்று முடுக்கம் பெறும் பகுதியை ஆராய்ந்தது. இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2024 சனவரி 6 முதல் இலக்ராஞ்சிப் புள்ளியைச் சுற்றி வருகின்றது.

தமிழ்நாட்டின் உதகமண்டலத்தில் 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீளமுள்ள வானொலித் தொலைநோக்கியும் இவ்வாய்வில் பங்கு வகிக்கின்றது. தொலைதூர வானொலி மூலங்களின் அலைகள் சூரியக் காற்றின் ஊடாக வரும்போது மினுமினுக்கின்றன. இம்மினுமினுப்பில் இருந்து, விண்கலங்கள் இல்லாத இடங்களிலும் காற்றின் வேகத்தை அறியலாம்.

ஐரோப்பிய விண்வெளி முகமை 2031 இல் 'விஜில்' விண்கலத்தை ஏவத் திட்டமிட்டுள்ளது. ஐந்தாம் இலக்ராஞ்சிப் புள்ளியில் நிறுத்தப்படும் இது, புவியை நோக்கிச் சுழன்று வரவிருக்கும் சூரியப் பகுதிகளைச் சில நாட்கள் முன்னதாகவே காணும். புவியை நோக்கி வரும் வெளியேற்றங்களைப் பக்கவாட்டில் இருந்து பார்ப்பதால், அவற்றின் வேகத்தையும் துல்லியமாகக் கணிக்க உதவும்.