ஒரே பைபிள், ரெண்டு கட்சி: அடிமைக் கப்பலில் இருந்த டாக்டர்களின் கதை

ஒரு பாதிரியார் போராட்டப் பந்தலுக்குப் போனா "ஜெபம் பண்றதை விட்டுட்டு இங்க என்ன வேலை?"ன்னு கேப்பாங்க. போகலைன்னா "ஏன் வாயை மூடிட்டு இருக்கீங்க?"ன்னும் கேப்பாங்க. மதம் அரசியலுக்குள்ள வரலாமா கூடாதாங்கற இந்தச் சண்டையை இங்கிலாந்து அரை நூற்றாண்டு போட்டிருக்கு. அதுல ரெண்டு டாக்டருங்களும் வர்றாங்க. நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

1) 18ஆம் நூற்றாண்டில் உலகின் பெரிய அடிமை வியாபாரிகளில் பிரிட்டனும் ஒன்று. ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி, கப்பலில் அடைத்து, கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் விற்பார்கள். கப்பலில் டாக்டர் எதுக்குன்னு கேக்கறீங்களா? வாங்கும்போது பல்லையும் உடம்பையும் சோதிச்சு "சரக்கு நல்லா இருக்கு"ன்னு சொல்லணும். விற்கிற வரைக்கும் சாகாம பாத்துக்கணும். அவ்வளவுதான்.

2) முதல் டாக்டர் லூக் காலிங்வுட். அடிமைக் கப்பல்களில் சர்ஜனாக இருந்தவர். 1781இல் 'ஸாங்' கப்பலுக்குக் கேப்டன் ஆனார். வழி தவறி, நோய் பரவி, ஆட்கள் சாக ஆரம்பிச்சாங்க. நோயில் செத்தா இன்சூரன்ஸ் பணம் கிடையாது. கப்பலைக் காப்பாத்த "சரக்கை" கடலில் தள்ளினா கிடைக்கும். தண்ணீர் பத்தலைங்கற காரணத்தைச் சொல்லி, 130 பேருக்கும் மேல் உயிரோடு கடலில் தள்ளப்பட்டார்கள்.

3) தலைக்கு 30 பவுண்டு கேட்டு முதலாளிகள் 1783இல் கோர்ட்டுக்குப் போனாங்க. அவர்களில் ஒருவர் லிவர்பூலின் முன்னாள் மேயர். நல்லா கவனிங்க, இது கொலை வழக்கு இல்லை, இன்சூரன்ஸ் வழக்கு. கொலைக்காக ஒருத்தர் மேலயும் வழக்குப் போடவே இல்லை. செய்தியைக் கேள்விப்பட்டு கிரான்வில் ஷார்ப் என்ற பக்தியுள்ள ஆங்கிலேயரிடம் ஓடிப்போய்ச் சொன்னவர், அடிமையாக இருந்து மீண்ட கிறிஸ்தவர் ஒலாடா ஈக்வியானோ.

4) அப்போ சர்ச் என்ன பண்ணுச்சு? இங்கதான் கதை கசக்கும். பார்படோஸ் தீவில் ரெண்டு கரும்புத் தோட்டங்களை, அங்கிருந்த அடிமைகளோடு சேர்த்து, கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்பவர் இங்கிலாந்து சபையின் எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்துக்கு உயில் எழுதிட்டு 1710இல் இறந்தார். அந்த வருமானத்தில் இறையியலோடு மருத்துவமும் கற்பிக்கிற கல்லூரி நடத்தணும்னு ஆசை. ஆரம்ப வருஷங்களில் அங்கிருந்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்று பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். 'சொசைட்டி'ன்னா அந்த மிஷன் சங்கம்தான்.

5) இந்த எஸ்.பி.ஜி. நமக்குத் தெரியாத பேரு இல்லை. இடையன்குடியில் வாழ்ந்த, திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் இதே சங்கத்தின் மிஷனரிதான். ஒரே அமைப்பு ஒரு இடத்தில் பள்ளிக்கூடம் கட்டும், இன்னொரு இடத்தில் அடிமை வச்சிருக்கும். ரெண்டையும் சேர்த்துத்தான் வரலாறு படிக்கணும்.

6) எதிர்க்குரல் முதலில் வந்தது குவேக்கர் என்ற சின்னப் பிரிவிடமிருந்து. 1787 மே மாதம் லண்டனில் 12 பேர் கூடி ஒரு குழு அமைச்சாங்க, அதில் 9 பேர் குவேக்கர்கள். இவங்க சத்தியப்பிரமாணம் எடுக்க மாட்டாங்க, அதனால பார்லிமென்டுக்குள் போக முடியாது. உள்ளே பேச ஒரு ஆள் வேணும். அப்படி வந்தவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். பக்தி வந்ததும் அரசியலை விட்டுடலாமான்னு அவர் யோசிச்சப்போ, "விடாதே, அங்கேயே இரு" என்ற பொருளில் புத்தி சொன்னவர் போதகர் ஜான் நியூட்டன்.

7) நியூட்டன் யாரு? 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியவர், அடிமைக் கப்பலின் பழைய கேப்டன். 1748இல் புயலில் சிக்கி மனம் மாறினார் என்பது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அதுக்கப்புறமும் 1754 வரை அதே வியாபாரத்தில் இருந்தார் என்பதைத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தத் தொழிலை எதிர்த்து அவர் புத்தகம் போட்டது 1788இல், 34 வருஷம் கழிச்சு.

8) இப்போ ரெண்டாவது டாக்டர், அலெக்சாண்டர் ஃபால்கன்பிரிட்ஜ். அடிமைக் கப்பல்களில் நாலு பயணம் போன சர்ஜன். வேலையை விட்டுட்டு, ஆதாரம் தேடி அலைந்த தாமஸ் கிளார்க்சனோடு சேர்ந்தார். 1788இல் தான் பார்த்ததைப் புத்தகமாகப் போட்டார். மழைக்காக மேல் துவாரங்களை மூடியதும் கீழே காற்றில்லாமல் காய்ச்சலும் ரத்தபேதியும் பரவியது, தரை முழுக்க ரத்தமும் சளியுமாகக் கசாப்புக் கடை போல இருந்தது, சிகிச்சை பார்க்கப் போன தானே மயங்கி விழப் பார்த்தது என ஒண்ணு விடாம எழுதினார். 1790இல் பார்லிமென்ட் குழு முன்னாலும் போய்ச் சொன்னார். இன்றைக்குப் படிச்சாலும் அது ஒரு நேர்மையான கேஸ் ஷீட்.

9) எதிர்க்கட்சியும் பைபிளோடதான் வந்துச்சு. ஆபிரகாம் வீட்டில் அடிமைகள் இருந்தாங்களே, பவுல் ஓடிப்போன ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பினாரே என்று வாதம். அடிமை வியாபாரம் வேதத்துக்கு ஒத்தது என்று ரேமண்ட் ஹாரிஸ் என்ற பாதிரியார் 1788இல் புத்தகம் எழுத, லிவர்பூல் நகரசபை 100 பவுண்டு சன்மானம் கொடுத்தது. 1807இல் கரீபியன் அடிமைகளுக்காகவே ஒரு பைபிள் அச்சானது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மோசே ஜனங்களை மீட்ட கதை அதில் இல்லை! வேதத்தில் எதை வெட்டணும்னு அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

10) 1791இல் வில்பர்ஃபோர்ஸின் மசோதா 163க்கு 88 என்று தோத்துது. ஆனா வெளியே ஜனங்க நகர ஆரம்பிச்சுட்டாங்க. லட்சக்கணக்கானோர் கரீபியன் சர்க்கரையை விட்டாங்க. ஓட்டுரிமையே இல்லாத பெண்கள் கடையில் வாங்காமல் இருந்தே தங்கள் ஓட்டைப் போட்டாங்க. 1792இல் மட்டும் 519 மனுக்கள். கடைசியில் 1807இல் 283க்கு 16. அடிமை வியாபாரம் சட்டவிரோதம் ஆனது.

11) வியாபாரம்தான் நின்றது, அடிமைத்தனம் நிற்கலை. 1831 கிறிஸ்துமஸ் நேரத்தில் ஜமைக்காவில் அடிமைகள் எழுந்தாங்க. தலைவர் சாம் ஷார்ப், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன், அவரும் அடிமைதான். வேலைநிறுத்தமாக நினைத்தது கலவரமானது. 300க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் மிஷனரிகளின் ஆலயங்களை இடித்தார்கள், எரித்தார்கள். அடுத்த வருஷமே, 1833இல், ஒழிப்புச் சட்டம் வந்தது.

12) நஷ்டஈடு 2 கோடி பவுண்டு, முழுக்க முதலாளிகளுக்கு. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. வாங்கினவர்கள் பட்டியலில் எஸ்.பி.ஜி.யும் உண்டு. இதற்காக அரசு வாங்கிய கடன் அடைந்து முடிந்தது 2015இல். இங்கிலாந்து சபையின் பொது மன்றம் மன்னிப்பு கேட்டது 2006இல். இன்னொன்று, 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளையும் இலங்கையையும் விட்டுவிட்டது. கம்பெனி ஆட்சியில் அடிமைத்தனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு போக 1843 வரை ஆனது.

13) "கிறிஸ்தவம்தான் அடிமைத்தனத்தை ஒழிச்சது"ன்னு ஒரு மெசேஜ் வாட்ஸ்அப்ல வரும். "கிறிஸ்தவம்தான் அடிமைத்தனத்தை வளர்த்தது"ன்னு இன்னொண்ணும் வரும். ரெண்டையும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. சூடு போட்ட சங்கமும் கிறிஸ்தவம், தூக்குமேடை ஏறின டீக்கனும் கிறிஸ்தவம்.

14) காலிங்வுட்டும் ஃபால்கன்பிரிட்ஜும் படிச்சது ஒரே தொழில். ஒருத்தர் முதலாளியின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார், இன்னொருத்தர் கீழ்த்தளத்துல கிடந்த நோயாளியைப் பார்த்து, பார்த்ததை வெளியே வந்து சொன்னார். உங்க கோயிலோ, சபையோ, ஜமாத்தோ ஒரு பொதுப் பிரச்சினையில் நிலைப்பாடு எடுக்கும்போது என்ன வசனம் சொல்றாங்கன்னு மட்டும் பார்க்காதீங்க. இதுல யாருக்கு வருமானம் வருது, அடிபட்டவங்களை யாராவது பேச விட்டாங்களான்னும் கேளுங்க. கேட்டா சில பேருக்குக் கோவம் வரும். பரவாயில்லை, கேளுங்க.