அமைதியான அமெரிக்கன்: கலையும் உண்மையும்

ஒரு கலைப்படைப்பின் குறையை உருவத்திலே தேடுவதா, உள்ளடக்கத்திலே தேடுவதா என்னும் வினா இலக்கிய மாணவருக்குப் புதியதன்று. 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அமைதியான அமெரிக்கன்’ என்னும் திரைப்படத்தின் வரலாறு இவ்வினாவைக் கூர்மைப்படுத்துகின்றது.

இதே பெயர்கொண்ட கிரஹாம் கிரீனின் நாவல் 1955 இல் வெளியாயிற்று. பிரெஞ்சு ஆட்சி தளர்ந்துகொண்டிருந்த வியட்நாமில் நிருபராக இருந்து கண்டவற்றைக் கொண்டே அவர் அதனைப் படைத்தார். பொருளாதார உதவிப் பணியாளன் என்ற போர்வையில் வரும் அமெரிக்க இளைஞன் பைல், ‘மூன்றாம் சக்தி’ ஒன்றை உருவாக்கும் ஆவலில் உள்ளூர்த் தளபதி ஒருவனுக்கு வெடிமருந்து வழங்குகின்றான். சைகோன் சதுக்கத்திலே குண்டு வெடித்துப் பொதுமக்கள் மாளுகின்றனர். அதனைக் கண்ட ஆங்கில நிருபர் பௌலர் அவனைக் கம்யூனிஸ்டுகளிடம் காட்டிக்கொடுக்கின்றார்.

நெறியாளர் ஜோசப் மான்கீவிச் கதைப்போக்கைப் பெரிதும் பின்பற்றி, முடிவைத் தலைகீழாக்கினார். படத்திலே அமெரிக்கன் குற்றமற்றவன். குண்டு வைத்தவர்கள் கம்யூனிஸ்டுகள். பொறாமையால் அறிவிழந்த பௌலர் அவர்களிடம் ஏமாந்தவர். அமெரிக்க உளவுத்துறையைச் சேர்ந்த எட்வர்ட் லான்ஸ்டேல், குண்டுவெடிப்புப் பழியைக் கம்யூனிஸ்டுகள் மீதே சுமத்துமாறு 1956 இல் நெறியாளருக்கு எழுதிய கடிதம் பிற்காலத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

விமர்சன உலகம் பிளவுண்டது. தமது நாவல் திரிக்கப்பட்டதைக் கிரீன் வன்மையாகக் கண்டித்தார். பிரான்சிலோ, அப்போது இளம் விமர்சகராயிருந்த ழான் லூக் கொதார் அவ்வாண்டின் சிறந்த படங்களுள் இதற்கே முதலிடம் வழங்கினார். கொதாரின் கணிப்பு காரணமற்றதன்று. மைக்கேல் ரெட்கிரேவின் நடிப்பும், ரொபேட் கிராஸ்கரின் ஒளிப்பதிவும், கூர்மையான உரையாடல்களும் படத்துக்குப் பலமாகும். அரசியல் பிழையென்பதற்காக இத்திறன்களைக் காண மறுப்பது விமர்சனமாகாது. முற்போக்காளராகிய நாமும் சிலவேளை இத்தவற்றைச் செய்வதுண்டு.

எனினும், படம் எவ்விடத்திலே சரிகின்றது என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். நாவலின் தடத்திலே செல்லும்வரை பாத்திரங்கள் உயிர்ப்புடன் இயங்குகின்றன. இறுதியிலோ, பௌலர் ஏமாற்றப்பட்ட விதத்தைப் பொலிஸ் அதிகாரியொருவர் நீண்ட பேச்சினால் விளக்க நேர்கின்றது. நிகழ்ச்சிகள் தாமே உணர்த்த முடியாததை வாய்ச்சொல் சுமக்கின்றது. உள்ளடக்கத்திலே புகுத்தப்பட்ட பொய், உருவத்திலே விரிசலாக வெளிப்படுகின்றது.

வரலாறும் தன் விமர்சனத்தை எழுதிற்று. படம் நன்றி கூறி வணங்கிய தென்வியட்நாம் ஜனாதிபதி டியெம், 1963 இல் அமெரிக்காவின் சம்மதத்தோடு நடந்த இராணுவச் சதியிலே கொல்லப்பட்டார். 1965 இல் அமெரிக்கப் போர்ப்படைகள் இறங்கின. 1975 இல் சைகோன் வீழ்ந்தது. ‘அப்பாவி’ அமெரிக்கனின் நல்லெண்ணத்துக்கு இலட்சக்கணக்கான வியட்நாமியர் உயிரை விலையாகக் கொடுத்தனர்.

பிலிப் நொய்ஸ் நாவலுக்கு நெருக்கமாக இதனை மீண்டும் படமாக்கினார். 2001 செப்டம்பர் தாக்குதல்களின் பின்னர், அமெரிக்க எதிர்ப்புப் படமெனக் கருதப்படும் என்ற அச்சத்தால் அது முடக்கிவைக்கப்பட்டு, 2002 இலேயே வெளிவந்தது. பொய்யுரைத்த படம் நன்றியுரையோடு திரைக்கு வந்தது. மெய்யுரைத்த படமோ காத்திருக்க நேர்ந்தது.

‘நன்றாக எடுக்கப்பட்டுள்ளதா?’ என்று மாணவர் கேட்கட்டும். அத்துடன், ‘குண்டை வைத்தவர் யார்?’ என்றும் கேட்கப் பழகட்டும். இரண்டும் ஒரே விமர்சனத்தின் இரு வினாக்களே.