காரின் குளிர்ச்சியும் ஒரு மின்கம்பியும்

வெயிலில் நின்ற காரில் ஏறிக் குளிர்சாதனத்தின் விசையைத் தட்டுகிறோம். காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். அது சரிதானா, நேயர்களே? இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் தன் கார்களில் குளிர்சாதனத்தை அறிமுகப்படுத்தியது. கேஸை அழுத்தும் கம்ப்ரசர், எஞ்சினோடு பெல்ட்டினால் பிணைக்கப்பட்டு ஓயாமல் சுழன்றது. குளிர் வேண்டாமென்றால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

1950-களில் மின்காந்தக் கிளட்ச் வந்தது. மின்சாரம் பாய்ந்தால் கிளட்ச் பற்றிக்கொள்ளும், கம்ப்ரசர் சுழலும். மின்சாரம் நின்றால் பெல்ட் ஓடும் சக்கரம் மட்டும் வெறுமனே சுற்றும். ஓட்டுநரின் தொல்லை தீர்ந்தது. ஆனால், குளிர்ச்சி ஒரு மின்சுற்றை நம்பி நிற்கலாயிற்று.

ஆகவே, இத்தகைய காரில் விசையைத் தட்டியதும் கிளட்ச் பற்றும் 'டக்' என்ற ஒலி கேட்கிறதா என்று கவனிப்போம். கேட்கவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, அழுத்த விசை, கிளட்சுக்குச் செல்லும் கம்பி, அதன் எர்த் இணைப்பு என வரிசையாகச் சோதிக்கச் சொல்வோம். கேஸ் மிகவும் குறைந்தாலும் அழுத்த விசை மின்சாரத்தைத் தடுத்துவிடும் என்பது உண்மையே. அப்போதும் கேஸ் கசிந்த இடத்தை முதலில் கண்டறிய வேண்டும்.

சோதிக்காமல் கேஸ் நிரப்பினால், எரிந்துபோன ஒரு சிறு ஃபியூஸுக்காக நாம் பெரும்பணத்தை இழக்க நேரிடும்.